பெட்டி அடிக்கிற மரம்

மரத்தால் ஒரு பெட்டி செய்ய உட்காருகிறவனுக்கு அந்தப் பெட்டி எதற்காக என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயமாகாது. துணி அடுக்குவதற்கும், ஏடுகளைப் பத்திரப்படுத்துவதற்கும், தானியம் கொட்டுவதற்கும் செய்யப்படுகிற பெட்டிகள் தங்கள் கடமையைத் தங்கள் அளவிலேயே சொல்லிவிடுகின்றன. செய்கிறவன் அதற்குமேல் விசாரப்பட ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் கிதாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் குடியேற்றுவதற்காக என் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரையின் நிழலில் பலகை அறுக்கத் தொடங்கியது முதல் ஒரு சந்தேகம் என்னை விட்டபாடில்லை. பலகையைப் பற்றிய சந்தேகமாகத்தான் அது தொடங்கியது. பலகையோடு நிற்பதாகக் காணோம். இந்தப் பெட்டியிடம் நான் கேட்பது மௌனத்தையா, குரலையா? பலா மரத்தைக் குடைந்து வீணைக்குக் குடம் செய்கிற தஞ்சாவூர்க்காரரிடம் இதைக் கேட்டால் இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்ப்பார். மரம் பாட வேண்டும் என்பதற்காகத்தானே அவர் அந்த மரத்தைத் தேடி வாங்குகிறார். அதற்கு நேர் எதிர்த் திசையில், இசைத்தட்டுக் கேட்பதற்கான ஸ்பீக்கர்ப் பெட்டிகளைச் செய்தவர்களுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் கம்பெனியை நடத்திய கில்பர்ட் பிரிக்ஸ் 1950களில் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டி நிரப்பி மரத்தின் வாயை அடைத்தார். அதுவும் போதாதென்று அறையின் மூலையில் செங்கல் சுவர் எழுப்பி அதையே ஸ்பீக்கருக்குக் கூடாக்கிக் காட்டினார். வயலின் வித்வான் தன் வயலினில் எழுப்பிய நாதத்தைத் தவிர வேறொரு நாதம், அது எத்தனை இனிமையானதாயினும், அங்கே அழையா விருந்தாளிதான். வீணை செய்கிறவரும் பிரிக்ஸும் எதிரெதிர்த் துருவங்கள் என்றாலும் இருவரும் நிம்மதியானவர்கள். கிதார்ப் பெட்டி செய்கிறவன்தான் உளியும் கையுமாக நடுவில் நின்றுகொண்டிருக்கிறான்.

பெட்டியே வேண்டாமென்று விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை அதன் காந்தம் கீழேயும் காகிதக் கூம்பு மேலேயும் இருக்கும்படி மேஜைமீது கிடத்தி, கம்பியை இணைத்து, கிதாரின் தடித்த தந்தியை மீட்டினால் வருகிற சப்தம், பழைய தொலைபேசியில் தூரத்து உறவினர் பேசியதுபோல மெலிந்து, வயிறு ஒட்டிப்போய் வருகிறது. அதே ஸ்பீக்கரை, வட்டமாகத் துளையிட்ட ஒரு பலகையில் பொருத்திவிட்டு அதே தந்தியை மறுபடியும் மீட்டும்போது, காணாமற்போயிருந்த கீழ்ஸ்தாயி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது புதிதாக உண்டானதன்று. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருங்குகிறது, பின்புறத்துக் காற்று விரிகிறது. இரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றி ஓடிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தடித்த தந்தியின் ஸ்வரம் விநாடிக்கு 82 அதிர்வுகள்; அதன் அலை நாலு மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட அலைக்கு ஓர் அடி விட்டமுள்ள கூம்பைச் சுற்றிவருவது ஒரு தூரமே இல்லை. பலகை அந்த வழியை நீட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பலகையின் நான்கு ஓரங்களையும் பின்னோக்கி மடித்துவிட்டால் அதுதான் பின்புறம் திறந்த கிதார்ப் பெட்டி. அரை மீட்டர் அகலமுள்ள இந்தப் பெட்டி நாலு மீட்டர் அலையைத் தடுத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை, ஓரளவு தாமதப்படுத்துகிறது. மிச்சம் பின்வாசல் வழியாக வெளியேறிச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஆகவே பெட்டி எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்பதே இந்தச் சாதனத்தில் திட்டமாகச் சொல்லக்கூடியதாக இல்லை.

நான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டிருக்கிற பெட்டி கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே, லியோ ஃபெண்டர் என்பவருடைய பட்டறையில் பிறந்தது. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர்; 1938ல் அந்த ஊரில் ரேடியோக் கடை வைத்தவர். பின்னால் உலகமெங்கும் கிதார்க்காரர்கள் அவருடைய பெயரை மந்திரம்போல உச்சரித்தார்கள் என்றாலும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1946 வாக்கில் அவருடைய பெயரில் வந்த முதல் ஆம்ப்ளிஃபையர்களின் பெட்டிகள் மேப்பிள், வால்நட், மஹாகனி ஆகிய உயர்ந்த மரங்களால் ஆனவை. மரத்தின் ரேகைகள் கண்ணுக்குத் தெரியும்படி மெருகேற்றப்பட்டவை. வரவேற்பறையில் வைத்தால் கௌரவமாக இருக்கக்கூடியவை. 1948 முதல் அந்தப் பட்டறை பெட்டிகளின்மேல் துணி ஒட்டத் தொடங்கிற்று. ட்வீட் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் துணி உண்மையில் மஞ்சள் சாயலான பருத்தி. அக்காலத்துப் பிரயாணப் பெட்டிகளின்மேல் ஒட்டுவார்களே, அந்த இனம். துணி வந்ததும் மரம் திரைக்குப் பின்னால் போயிற்று. திரைக்குப் பின்னால் இருப்பவனுக்குப் பட்டுவேஷ்டி எதற்கு? மலிவாகவும் இலேசாகவும் அறுப்பதற்கு எளிதாகவும் இருந்த பைன் மரம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. முக்கால் அங்குலப் பைன் பலகைகள் நான்கு, மூலைகளில் இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இணைந்தன. இயந்திரத்தில் இந்தப் பொருத்தை வேகமாக வெட்டலாம், காரின் பின்கூட்டில் போட்டு ஊர் ஊராக எடுத்துச் சென்றாலும் எளிதில் பிரிவதில்லை. ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகைக்கு எட்டு மில்லிமீட்டர் அளவிலான பிளைவுட் போதும் என்று விட்டார்கள். பின்புறத்தை மூடாமல் பாதி திறந்து விட்டதற்குக் காரணம் அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த வால்வுகள். அவற்றின் சூடு வெளியேற வேண்டும், அவை கெட்டுப்போனால் பெட்டியைத் திருப்பிவைத்து ஒரு நிமிஷத்தில் மாற்ற முடிய வேண்டும். ரிப்பேர்க்காரர் ஒருவர் யோசித்து வைத்த சௌகரியங்கள் இவை.

இவற்றில் ஒன்றுகூட நாதத்தை உத்தேசித்துச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் என்னைத் தொல்லைப்படுத்துகிறது. செலவு, பாரம், சூடு, ரிப்பேர்: இந்த நான்கையும் பார்த்துச் செய்த பெட்டியில் மெல்லிய முன்பலகை கூம்போடு சேர்ந்து தானும் அதிர்ந்தது, இலேசான பைன் சுவர்கள் சில ஸ்வரங்களுக்குத் தாமும் ஒத்துக்கொண்டன, பின்வாசல் வழியே போன சப்தம் அறை முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஃபெண்டர் விரும்பியது தெளிவான, கரகரப்பில்லாத சப்தத்தை. வாசித்தவர்கள் குமிழியை முழுக்கத் திருப்பி, இரண்டு சிறிய 6வி6 வால்வுகள் மூச்சுத் திணறுகிற எல்லைக்கு அவற்றை விரட்டி, அந்தத் திணறலையே பாட்டாக்கிக்கொண்டார்கள். கனடாவில் பிறந்த கிதார்க்காரர் நீல் யங் 1959ஆம் வருஷத்து ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பல பத்தாண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேடையில் நின்றபடி அதன் குமிழிகளைத் திருப்ப வேண்டும் என்று வந்தபோது அதன் உள்ளே கைவைக்க மனமில்லாமல், காலால் மிதித்தால் வெளியிலிருந்தபடியே குமிழிகளைத் திருகுகிற ஒரு யந்திரத்தைச் செய்வித்து அதன் தலைமேல் உட்காரவைத்தார். விக்கிரகத்தைத் தொடாமல் அபிஷேகம் செய்வதற்கு மனிதர்கள் கண்டுபிடித்திருக்கிற உபாயங்களில் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றும். லண்டனின் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் கதையும் இந்த ஜாதிதான். ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து 1960களின் தொடக்கத்தில் தம் ஆட்களைக் கொண்டு ஒன்று செய்வித்த அவர், அன்று கிடைத்த ஸ்பீக்கர்கள் இரண்டால் அந்தச் சக்தியைத் தாங்க முடியாமற் போனதால் நான்கை ஒரே பெட்டிக்குள் அடைத்தார். தாங்குவதற்காக வந்த அந்த நான்கு, பின்னால் ஒரு தலைமுறையின் இலட்சணமாகிவிட்டது. இப்போது நான் என்ன செய்கிறேன்? அவர்கள் எண்ணாமல் பெற்றதை எண்ணிப் பெறுவதற்காகப் பலகையின் கனத்தை அளந்துகொண்டிருக்கிறேன். தூங்குகிறவனைப்போலப் படுத்திருக்கலாம்; கண்ணை மூடிக்கொண்டு இதோ தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவனுக்குத் தூக்கம் வருமா?

பைன் மரம் நம் ஊரில் மரத்தோடு சேர்த்தியில்லை. கப்பலில் வரும் இயந்திரங்களைச் சுற்றி அடித்த கூடுகளைப் பிரித்து விற்கிற பலகை என்றுதான் அதற்கு இங்கே பெயர். நியூசிலாந்திலிருந்து வருகிற புதுப் பலகையும் கடைகளில் உண்டு என்றாலும், தேக்கும் வேங்கையும் அடுக்கியிருக்கிற இடத்தில் அதைக் கேட்கிறவனைக் கடைக்காரர் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்க்கிறார். எங்கள் தெருவில் கதவு நிலை செய்கிற ஆசாரி, நான் வாங்கி வந்து மாடிப்படியில் சாய்த்து வைத்திருந்ததை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, “இது பெட்டி அடிக்கிற மரம் சார், வீட்டுக்குள்ள வச்சுக்கவா வாங்கினீங்க?” என்றார். “நான் செய்யறதும் பெட்டிதானே அண்ணே” என்றேன். பாட்டுக்கு என்றால் பலா இருக்கிறதே என்பது அவர் கட்சி. அதை மறுத்துப் பேச என்னிடம் நியாயம் இல்லை. பலாவில் செய்தால் வேறொரு பெட்டி வரும், அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் ஃபுல்லர்ட்டனில் பலா கிடைத்ததில்லை. அங்கே கிடைத்தது இது. யாருக்கோ மலிவாகவும் பக்கத்திலும் கிடைத்த ஒரு மரத்தை, அது அந்நியச் சரக்காக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சாஸ்திரோக்தமாகத் தேடுவதில் இருக்கிற கோணலை ஆசாரியின் ஒரு கேள்வி வெளிச்சமிட்டுவிட்டது. ஃபெண்டரைப் பின்பற்றுகிறவன் அவர் செய்த காரியத்தைச் செய்வதென்றால் தன் ஊரில் மலிவாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் செய்த பொருளைச் செய்வதென்றால் பைனை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வதற்கு வழியில்லை. நான் பொருளைத் தேர்ந்தேன். அது சரியான தேர்வுதானா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை. பலகை மட்டும் மிச்சமில்லாமல் அறுபட்டுவிட்டது.

அறுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தேகங்கள் எல்லாம் கை சும்மா இருக்கும்போதுதான் வருகின்றன. மென்மரத்துக்கு மொண்ணை உளி போதும் என்று நினைப்பவர்கள் பைனைத் தொட்டதில்லை. அதன் ஒவ்வொரு வருஷ வளையத்திலும் வசந்தத்தில் வேகமாக வளர்ந்த வெளிறிய அகலக் கோடும், கோடையின் கடைசியில் மெதுவாக வளர்ந்த குறுகிய செங்கோடும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிறியது ரொட்டியைப்போல நசுங்குகிறது, சிவந்தது கொம்பைப்போல எதிர்க்கிறது. உளி கூர்மையாக இல்லாவிட்டால் வெளிறிய கோடு வெட்டுப்படாமல் உள்ளே மடிந்து, பொருத்தின் அடியில் பஞ்சுபோலப் பிதுங்கி நிற்கும். தேக்கு மொண்ணை உளியையும் ஓரளவு மன்னித்துவிடும்; இந்தச் சாமான்ய மரம் மன்னிப்பதில்லை. கத்தி முனையால் கோடு கிழித்து, கழிவுப் பக்கமாக ரம்பத்தை நிறுத்தி இறக்கி, நடுவில் இருக்கிற துண்டை ஒரு பக்கத்திலிருந்து பாதியும் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து பாதியும் செதுக்கி எடுக்கும்போது, ரம்பத்தின் பற்களில் பிசின் பிடித்துக்கொண்டு இழுவை கனத்துவிடுகிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் இழுக்க வேண்டும். அந்தப் பிசினின் வாசனை, குங்கிலியத்துக்கும் பெயிண்ட் கடையின் டர்பன்டைனுக்கும் நடுவிலான ஒன்று, மாலைவரை உள்ளங்கையை விட்டுப் போவதில்லை. ஃபெண்டரின் பட்டறையில் பொருத்தின் இந்த விரல்களை இயந்திரம் வெட்டித் தள்ளிற்று. ஒரு மூலைக்கு எத்தனை நேரம் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானோ ஒவ்வொரு விரலையும் உப்புத்தாளால் தடவிப் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்று புகும்போது வருகிற அந்தச் சிறு முனகலைக் கேட்டு, இதுவல்லவா பொருத்து என்று பூரித்துக்கொண்டிருந்தேன். பூரிப்பு நியாயமானதுதான். ஆனால் அதன்மேல் துணி ஒட்டப்போகிறேன். துணி ஒட்டியபிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது, யார் காதுக்கும் கேட்காது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது. இறுக்கமான மூலையுள்ள பெட்டி நன்றாக ஒலிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். இறுக்கமான மூலையுள்ள பெட்டி உடையாமல் இருக்கும் என்பதுவரை நான் அவர்களோடு போகத் தயார்.

இந்தப் பொருத்துக்கு மெச்சத்தக்க புத்தி ஒன்று உண்டு. நான்கு பலகைகளின் ரேகைகளும் பெட்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடுவதால், ஐப்பசி மழையில் சென்னைக் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும்போது நான்கும் ஒரே திசையில், ஒரே அளவாக உப்புகின்றன. பங்குனியில் ஒன்றாகவே சுருங்குகின்றன. மூலைகள் ஒன்றோடொன்று சண்டையிடக் காரணம் இல்லாமற் போகிறது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பிளைவுட் இந்த ஏற்ற இறக்கங்களில் கலந்துகொள்வதில்லை என்பதால் முன்பலகையைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி விட்டுவிட வேண்டும். மரம் எதைச் செய்யும் என்று தெரிந்து, அதற்கு இடம் விட்டு, அதற்குமேல் அதோடு வம்புக்குப் போகாமல் இருப்பது தச்சு வேலையின் பழைய விவேகம். அந்த விவேகம் இங்கே எனக்கு உதவிற்று. முன்பலகையிடம் வந்தபோது உதவவில்லை.

முன்பலகையைச் சுற்றிலும் வஜ்ஜிரம் தடவியோ ஃபெவிகால் தடவியோ சட்டத்தோடு அழுத்தி ஒட்டிவிட்டால் அது அசையாது. ஃபுல்லர்ட்டன் பெட்டியில் அப்படி ஒட்டவில்லை. இரண்டு பக்கத்துச் சட்டங்களில் சில திருகுகளால் பிடித்துவிட்டார்கள். வேண்டியபோது கழற்றலாம் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அப்படித் தளர்வாக நிற்கிற மெல்லிய பலகைதான் ஸ்பீக்கரோடு கூடச் சேர்ந்து மூச்சுவிடுகிறது என்பது இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தமாகியிருக்கிறது. ஆகவே நானும் திருகுகளை எண்ணி, இடம் பார்த்து, கடைசிச் சுற்றை முறுக்காமல் விட்டேன். அலட்சியத்தை இவ்வளவு கவனமாகச் செய்தவன் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் அவனும் என்னைப்போலப் பெட்டி செய்கிறவனாகத்தான் இருப்பான். பிறகு ஆம்ப்ளிஃபையரை உள்ளே ஏற்றி, வால்வுகள் சிவந்து சூடேறும்வரை காத்திருந்து (ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கன்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதை மறக்கிறவன் இந்த வேலைக்கு வரக் கூடாது) தடித்த தந்தியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஏறிக்கொண்டு போனேன். மூன்றாவது ஃப்ரெட்டில், விநாடிக்கு 98 அதிர்வுகள் உள்ள அந்த ஒரு ஸ்வரத்தில் மட்டும், கண்ணாடி ஜன்னலில் வண்டு மோதியதுபோல ஒரு ரீங்காரம். அடுத்த ஸ்வரத்தில் இல்லை, முந்தியதிலும் இல்லை. ஒரு கையால் தந்தியை மீட்டிக்கொண்டே மறு உள்ளங்கையைப் பெட்டியின் ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்திக்கொண்டு வந்தபோது, கீழ்ப் பின்பலகையின் நடுவில் கை பட்டதும் அது நின்றுவிட்டது. இரண்டு திருகுகளுக்கு இடையில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு முடி நுழைகிற இடைவெளி. அந்த ஸ்வரத்துக்கு மட்டும் பலகை அங்கே சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கம்பளித் துணியில் ஒரு நாடா வெட்டி இடையில் ஒட்டினேன். வண்டு பறந்துவிட்டது.

பறந்தபிறகுதான் விஷயம் உறைத்தது. பின்பலகை அதிர்ந்தது, அதை ஒரு கணமும் யோசிக்காமல் குற்றம் என்று முடிவு செய்து வாயைக் கட்டினேன். அதிலிருந்து ஒரு முழ தூரத்தில் முன்பலகை அதிர்கிறது. அதற்காகத் திருகைத் தளர்த்திவிட்டு ஆசனம் போட்டு உட்காரவைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டி, ஒரே ஸ்பீக்கர் தருகிற உதை. ஒன்றை இரைச்சல் என்றும் மற்றதை நாதம் என்றும் பிரித்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது? கரகரப்பு என்பதால் பின்பலகை தண்டிக்கப்பட்டது என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால், கரகரப்புக்காகவே போற்றப்படுகிற ஒரு சாதனத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. 1964ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் தம்முடைய சின்ன ஆம்ப்ளிஃபையரின் கூம்பைச் சவர பிளேடால் கிழித்து, கிழிந்த காகிதத்தின் படபடப்பையே கிங்க்ஸ் குழுவின் இசைத்தட்டில் ஏற்றினார். அந்தப் படபடப்பு என் பெட்டியில் வந்திருந்தால் அதையும் நாடா ஒட்டி அடக்கியிருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைகீழாகத் தொங்குகிற வால்வுகளில் முதலாவதன் கண்ணாடியைப் பென்சில் முனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரிலிருந்து ‘டிங்’ என்று ஒரு மணிச்சத்தம் வரும். கண்ணாடிக்குள்ளே இருக்கிற மெல்லிய கம்பிகளின் நடுக்கமும் மின்சாரமாகி, பெருகி, வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் பெட்டி அதிரும்போதும் அந்த நடுக்கத்தில் ஒரு துளி வால்வு வழியாகக் கம்பிக்குள் புகுந்து மறுபடியும் ஸ்பீக்கருக்கே போகிறது, ஸ்பீக்கர் பெட்டியை அதிரவைக்கிறது, பெட்டி வால்வை. மரம் எங்கே பேசுகிறது, மின்சாரம் எங்கே பேசுகிறது என்று கோடு கிழிக்க என்னிடம் இருக்கிற கத்தி போதாது.

கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். கேட்பதைத்தான் நான் நம்புவதில்லை, அதிலும் செய்தவனுடைய காதை. 12 அங்குலக் கூம்பு உச்சஸ்தாயியை டார்ச்சு விளக்கைப்போல நேர்முன்னே குவித்து அனுப்புகிறது. நாற்காலியை ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்தினால் சப்தம் மாறுகிற அளவுக்குப் பலகையை மாற்றினால் மாறுமா என்பது சந்தேகம். ஸ்பீக்கரை மாற்றினாலோ எல்லாமே மாறிவிடும். ஒரே ஸ்பீக்கரைப் பைன் பெட்டியிலிருந்து கழற்றி வேறொரு மரப் பெட்டியில் ஏற்றி ஒப்பிடுவதென்றால், எட்டுத் திருகுகளைக் கழற்றி மாட்டுகிற நேரத்துக்குள் முதல் சப்தம் நினைவிலிருந்து நழுவி, அதன் இடத்தில் அந்தச் சப்தத்தைப் பற்றி நான் வைத்துக்கொண்டிருந்த அபிப்பிராயம் வந்து உட்கார்ந்திருக்கும். விரல்களை வெட்டிய கையும் பிசினை முகர்ந்த மூக்கும் காதோடு ஒரே உடம்பில் இருக்கின்றன; அவை பேசாமல் இருக்குமா? உலர்ந்த மரத்தின் இதம் கீழ்ஸ்தாயியில் தெரிகிறது என்று நானே ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அது தெரிந்தது வாஸ்தவம். தெரிந்ததற்குக் காரணம் மரமா, அந்த மரத்தோடு நான் கழித்த பொழுதா என்பதுதான் விவகாரம். பிரிக்ஸ் மணலை நிரப்பியபோது இந்த விவகாரத்தையும் சேர்த்தே புதைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன். பேசாத மரத்தைப் பற்றி யாரும் பிரமை கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது என்று, எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் குடியிருக்கிற இளைஞரை அழைத்தேன்; கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவர், வாரக் கடைசிகளில் வீடு தங்காதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குமிழியைப் பாதிக்குமேல் திருப்பி, எதிரே நான் நிற்கிறேன் என்பதை மறந்து வாசித்தார். முன்பலகையைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முடித்துவிட்டு எழுந்து, பெட்டியின் தலையில் இருந்த தோல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு கிலோ அளவுக்கு இருக்கும். மின்சார டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கோடியில் இருப்பதால் பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து அவருடைய முழங்காலில் இடித்தது. “நல்லாயிருக்கு சார். தூக்கத்தான் கொஞ்சம் கோணலா வருது. கைப்பிடியை இந்தப் பக்கம் ரெண்டு விரற்கடை தள்ளி வச்சா மாடிப்படியில ஒரு கையாலயே கொண்டுபோயிடலாம்” என்றார். கைப்பிடி நடுவில் இருந்ததற்குக் காரணம் பழைய படங்களில் அது நடுவில் இருந்ததுதான். அவர் போனபிறகு பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை அப்படியும் இப்படியும் நகர்த்தி, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறது என்று பார்த்துப் பென்சிலால் குறித்தேன். பழைய துளைகளைப் பைன் குச்சி செருகி அடைத்தாயிற்று. துணி ஒட்டுவதற்கு முன்பே அவரை அழைத்ததும் நல்லதாயிற்று.